கோப்பன்ஹேகனில் இரண்டு நாள் சைக்கிள்

நான் கடைசியாகச் சைக்கிளுடன் பயணம் போனது 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில், யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்கு. ஓடினேன் என்று சொல்லமுடியாது. கரியரில் ஒரு பெட்டி, பாரில் அரை மூட்டை அரிசி. சனநெரிசலுக்குள் உருட்டிக்கொண்டுதான் போனேன். பிறகு லண்டன் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் இன்னொரு சைக்கிளைத் தொடவில்லை.

சென்ற கோடையில் தம்பி குடும்பத்தைப் பார்க்கக் கோப்பன்ஹேகன் போனேன். ஊர் சுற்றப் பஸ் டிக்கற் எங்கே எடுக்கலாம் என்று கேட்டதற்குத் தம்பியின் மகள் சிரித்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

"பெரியப்பா, பஸ்ஸிலை போனா ஒண்டும் பாக்கேலாது. வாங்கோ, சைக்கிள் எடுத்துத் தாறன்."

முன்பு இங்கே நகரசபையின் இலவசச் சைக்கிள்கள் இருந்தன. சுப்பர்மார்க்கற் தள்ளுவண்டி மாதிரி 20 குறோணர் நாணயத்தைப் போட்டு எடுத்து, திருப்பி விட்டதும் நாணயத்தைப் பெற்றுக்கொள்ளலாம். 1995இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2012இல் நின்றுவிட்டது. இப்போது கடையில் வாடகைக்கு எடுக்கலாம். கைத்தொலைபேசியால் பூட்டுத் திறக்கும் சைக்கிள்களும் தெருவோரங்களில் நிற்கின்றன. நான் கடையில்தான் எடுத்தேன். முதல் நூறு யாரிலேயே விழப்பார்த்தேன். இங்கே பல சைக்கிள்களுக்குப் பின் பிறேக் கையில் இல்லை, காலில். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் சில்லு இறுகிவிடும். சும்மா பின்னுக்குச் சுற்றி விளையாடுகிற எங்கள் ஊர்ப் பழக்கம் இங்கே சரிவராது.

சைக்கிள் பாதை நடைபாதையை விட ஒரு படி கீழே, கார் ஓடும் வீதியை விட ஒரு படி மேலே இருக்கிறது. வெறும் கோடல்ல, உயர்த்திய கட்டு. வலப்பக்கமாக ஓடவேண்டும், முந்துகிறவர்களுக்கு இடப்பக்கம் விடவேண்டும். நிற்கப்போகிறீர்கள் என்றால் கையை உயர்த்திக் காட்டவேண்டும். நான் ஒரு தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துத் திடீரென்று நின்றேன். பின்னால் நாலைந்து மணிகள் ஒன்றாக அடித்தன. ஒருவரும் ஏசவில்லை, ஆனால் அந்த மணிச்சத்தம் ஏச்சை விடக் கூடுதலாக உறைத்தது.

இடப்பக்கம் திரும்புவதுதான் புதியவருக்குப் பெரிய சோதனை. வாகனங்கள் வலப்பக்கம் ஓடும் நாட்டில் இடப்பக்கம் திரும்ப வீதியின் நடுவுக்கு வரவேண்டும். டென்மார்க்கில் சைக்கிள்காரர் அப்படிச் செய்யக்கூடாது. சந்தியை நேராகக் கடந்து, அடுத்த மூலையில் நின்று, அந்தப் பக்கத்துச் சிக்னலோடு சேர்ந்து போகவேண்டும். ஒரு திருப்பத்துக்கு இரண்டு காத்திருப்பு. லண்டன் அவசரத்தில் பழகிய எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. மாலைக்குள் பழகிவிட்டது.

நோர்புறோ பகுதியையும் நகர மையத்தையும் இணைக்கும் டுறோனிங் லூயிஸ் பாலத்தில் ஒரு நாளைக்கு 40,000க்கு மேற்பட்ட சைக்கிள்கள் போகின்றன. அதற்கப்பால் நோர்புறோகேட வீதியில் 'பச்சை அலை' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போய்வரும் நேரங்களில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால் ஒவ்வொரு சிக்னலும் பச்சையாகவே எதிர்கொள்ளும். என் வேகத்துக்கு எல்லாம் சிவப்பாகத்தான் விழுந்தன. அதே வீதியிலுள்ள அசிஸ்டன்ஸ் மயானத்தில் அண்டர்சனும் கீர்க்ககோரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தினமும் இந்த நகரை நடந்தே அளந்தவர் கீர்க்ககோர். சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு நானும் நடந்தே உள்ளே போனேன்.

"இவையள் எப்பவும் இப்பிடித்தானோ?" என்று இரவு தம்பியிடம் கேட்டேன்.

இல்லை. 1950களின் பின் கார்கள் பெருகி, சைக்கிள்கள் ஓரங்கட்டப்பட்டு, 1972இல் ட்ராம் வண்டிகளும் நிறுத்தப்பட்டன. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை. நெருக்கடி கழிந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். எழுபதுகளின் கடைசியில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிள்களோடு நகரமண்டபச் சதுக்கத்தில் திரண்டு பாதை கேட்டார்கள். சைக்கிள்காரர் அடிபட்டு இறந்த இடங்களில் வீதியிலே வெள்ளைச் சிலுவை வரைந்தார்கள். இன்றுள்ள பாதைகளில் பல அதற்குப் பின் வந்தவை.

எங்களுக்கும் பெற்றோல் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியையும் மணப்பெண்ணையும் அதில்தான் ஏற்றினோம். டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். அது நாங்களாகத் தெரிந்தெடுத்ததல்ல. பாதை திறந்ததும் மோட்டார் சைக்கிளுக்கு மாறியவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. நானும் இருந்திருந்தால் மாறியிருப்பேன்.

இரண்டாம் நாள் துறைமுகப் பக்கம். கட்டிடங்களுக்கிடையே நீருக்கு மேலாக வளைந்து போகும் செம்மஞ்சள் நிறப் 'பாம்புப் பால'த்தை 2014இல் திறந்திருக்கிறார்கள். நடப்பவர்களுக்கு அதில் இடமில்லை, சைக்கிளுக்கு மட்டும். நீஹவுனிலிருந்து எதிர்க்கரைக்குப் போகும் பாலம் பல வருடம் இழுபட்டு 2016இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது இரு பாதிகளும் பின்னால் வழுக்கி விலகும். மீண்டும் வந்து பொருந்துவதால் 'முத்தமிடும் பாலம்' என்று பட்டப்பெயர்.

அதைக் கடந்து ஸ்ட்ரான்கேட வீதியில் போனால் 25ஆம் இலக்கத்தில் பழைய ஆசியக் கம்பனியின் கட்டிடம் நிற்கிறது. 1732இல் தொடங்கிய அந்தக் கம்பனியின் கையில்தான் 1777 வரை தரங்கம்பாடி இருந்தது. அதற்கும் முன்னால் 1620இல் டேனியர் முதலில் வந்து இறங்கியது இலங்கையில். திருகோணமலையில் கோட்டை கட்டத் தொடங்கி, அது சரிவராமல், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றார்கள். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நான் இதைச் சொல்ல, பிள்ளை ஆச்சரியப்பட்டாள்.

"எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலை திருகோணமலை எண்டு சொல்லித்தரேல்லை, பெரியப்பா."

மாலை கடையில் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது பின்சில்லின் வளையப் பூட்டைப் பூட்டித் திறப்பை நீட்டினேன். சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் விட்டுவந்த என் சைக்கிளுக்கும் இப்படித்தான் பூட்டு. திரும்பி வருவேன் என்று நினைத்துத்தான் பூட்டியிருப்பேன். அந்தத் திறப்பு கொழும்பு வரைக்கும் என் சட்டைப் பையில் இருந்தது.

"அடுத்தமுறை வாடகைக்கு எடுக்க வேண்டாம்," என்றாள் பிள்ளை. "அப்பாவின்ரை பழைய சைக்கிள் கீழறையிலை கிடக்கு. பின் ரயருக்குக் காத்து மட்டும் அடிக்கவேணும்."