மவுஸ் யார் கையில்?

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளியில் ஒரே ஒரு நுண்ணோக்கி இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். ஆய்வாளர் வருகிற நாளில் மட்டும் அது மேசைக்கு வரும். அன்றைக்கு அதைத் தொட்டு இயக்குகிறவர்கள் ஊர்த்தெருப் பிள்ளைகள். சேரியிலிருந்து போன நாங்கள் ஐந்து பேர் காலையிலேயே அறையைக் கூட்டி, பெஞ்சுகளை நகர்த்திப் போட்டுவிட்டுக் கடைசியில் நிற்போம். ஒருமுறை, "நானும் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டேன். "உனக்கு என்னடா தெரியப் போகுது அதுல?" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது.

அதில் ஒரு தடவைகூடக் கண் வைக்காமல் பள்ளியை முடித்தேன். தமிழ் முதுகலை படித்தேன். விரும்பித்தான் படித்தேன். ஆனாலும், அறிவியல் நமக்கு வராது என்று முடிவு செய்தது நான்தானா என்ற கேள்வி இன்றும் உள்ளே கிடக்கிறது.

அதைக் கிளறிவிட்டது, அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த ஒரு முயற்சி. அதன் பெயர் 'ரிவர் சிட்டி'. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பேராசிரியர் கிறிஸ் டீட் தலைமையிலான குழு, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் நடுநிலை வகுப்பு மாணவர்களுக்காக இதை உருவாக்கியது. இது ஒரு மெய்நிகர் உலகம். அதாவது, கணினித் திரைக்குள் கட்டப்பட்ட ஊர். மாணவர் தனக்கென ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊருக்குள் நடந்து திரியலாம். எதிர்ப்படுகிறவர்களிடம் கேள்வி கேட்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்த அமெரிக்க நகரம் ஒன்றைப் போல அந்த ஊர் அமைக்கப்பட்டிருந்தது. நடுவே ஆறு ஓடுகிறது. ஒரு பக்கம் வசதியானவர்களின் வீடுகள், இன்னொரு பக்கம் ஏழைகளின் ஒண்டுக்குடித்தனங்கள். ஊரில் பலர் நோயில் விழுகிறார்கள். ஏன்? இதுதான் பாடம். மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து தண்ணீர் மாதிரி எடுக்கிறார்கள், கொசுக்களை எண்ணுகிறார்கள், மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். ஊருக்குள் பருவம் மாறும்போது மறுபடி போய்ப் பார்க்கிறார்கள். இதுதான் காரணமாக இருக்கும் என்று ஒன்றை ஊகித்து, அதைச் சோதிக்கிறார்கள். தண்ணீரால் பரவும் நோய், பூச்சியால் பரவும் நோய், ஆளுக்கு ஆள் தொற்றும் நோய் எல்லாம் அங்கே கலந்து கிடப்பதால், ஆசிரியர் கையில் ஒற்றை விடை கிடையாது. கடைசியில் ஒவ்வொருவரும் தாம் கண்டறிந்ததை அந்த ஊர் மேயருக்குக் கடிதமாக எழுத வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதற்குப் பிறகு நடந்ததுதான். 2009இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் கிறிஸ் டீட் ஒரு கட்டுரை எழுதினார். வகுப்பில் பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட மாணவர்களில் பலர், இந்த ஊருக்குள் நன்றாகப் படிக்கிறவர்களுக்கு இணையாகச் செய்தார்கள் என்று அதில் சொல்கிறார். காரணம் எளியது. 'படிப்பு வராதவன்' என்ற அடையாளத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, விஞ்ஞானி என்ற அடையாளத்தோடு உள்ளே போக அந்த உலகம் இடம் கொடுத்தது.

நம் பிள்ளைகள் மீது குத்தப்படும் முத்திரை, மதிப்பெண் வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. எந்தத் தெரு என்று தெரிந்ததும் விழுகிற முத்திரை அது. அதைக் கழற்றி வைக்க ஓர் இடம் கிடைக்கும் என்றால், அது சிறிய விஷயம் அல்ல.

ஆனால், திரையோடு நின்றுவிட்டால் பயனில்லை. ரிவர் சிட்டியைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு வேங்கைவயல் நினைவுக்கு வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், 2022 டிசம்பரில் தலித் குடும்பங்களின் குழந்தைகள் நோயுற்றார்கள். குடிநீர் மீது சந்தேகம் எழுந்தது. மேல்நிலைத் தொட்டியைத் திறந்து பார்த்தபோது, மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிந்தது. நோயாளியிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து தொட்டிக்கு. ரிவர் சிட்டி கற்றுக்கொடுக்கும் வழியும் இதுவேதான். அந்தத் திரை ஊரில் ஏழை, பணக்காரர் உண்டு. நம் ஊரில் காரணம் தேடப் போகிற மாணவர், சாதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும். திரையில் பழகிய பிள்ளை தன் தெருக் குழாயைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கடிதம் எழுத வேண்டும். பாடம் அப்போதுதான் முடிகிறது.

'இதெல்லாம் பணக்காரப் பள்ளிக்கு' என்று ஒதுக்கிவிட வேண்டாம். தலையில் மாட்டிக்கொள்ளும் விலையுயர்ந்த கருவி எதுவும் ரிவர் சிட்டிக்குத் தேவைப்படவில்லை. சாதாரணக் கணினியும் இணைய இணைப்பும் போதுமாக இருந்தன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இன்று ஹைடெக் லேப் இருக்கிறது. நாம் கேட்க வேண்டியது வேறு. அந்த அறை வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது? ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள் என்றால், மவுஸைப் பிடிப்பது யார், பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது யார்? முறை வைத்து மாற்றி உட்காரவைக்க ஆசிரியர் இருக்கிறாரா? நுண்ணோக்கி போய்க் கணினி வந்த பிறகும் நிற்கிற இடம் மாறவில்லை என்றால், அலமாரிதான் புதியது.

இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களின் விகிதத்துக்கு ஏற்ப இடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். எழுந்து கேளுங்கள்: "என் பிள்ளை இந்த மாதம் எத்தனை மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்தாள்?"

பின்னால் நின்று பார்த்த நேரத்தைக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள்.