வில்லை ஆறட்டும்

கரண்ட் போய் உடனே திரும்பி வந்தால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் முனகும். இரண்டு மூன்று நொடி ‘ம்ம்ம்’ என்று இழுத்துவிட்டு, ‘டிக்’ என்று அடங்கிவிடும். பார்க்க வந்த மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கவே இல்லை. “ஒண்ணும் ஆகல சார். ரிலே சூடா இருக்கு. கரண்ட் போனா அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க” என்றார். பையில் கிடந்த பழைய ரிலே ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிக் காட்டினார். கலகலத்தது. பிரித்தால், சாம்பல் நிறத்தில் ஒரு வட்ட வில்லை மூன்று துண்டாக உடைந்து கிடந்தது.

அந்த வில்லை உலோகமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. சூளையில் சுட்ட பீங்கான். கம்ப்ரெஸர் மோட்டார் கிளம்பும்போது அதன் ஸ்டார்ட் சுருளுக்கு ஒரு கணம் கூடுதல் மின்சாரம் வேண்டும். வில்லை குளிர்ந்திருக்கையில் தாராளமாக வழிவிடும். ஓடும் மின்சாரத்தாலேயே சூடேறி, சட்டென்று கதவைச் சாத்திக்கொள்ளும். மோட்டார் ஓடும்வரை சூடாகவே இருக்கும். நின்ற பிறகு ஆறினால்தான் கதவு மறுபடி திறக்கும். மெக்கானிக் கேட்ட ஐந்து நிமிடம் அதற்குத்தான்.

இதே வகை வில்லைதான் கொசு விரட்டும் திரவ மெஷின்கள் பலவற்றில் திரியைச் சூடாக்குகிறது. பழைய பெட்டி டிவியைப் போட்டதும் ‘டொம்’ என்று ஒரு சத்தம் வருமே, படக்குழாயின் காந்தப் பிசிறை நீக்கும் அந்த மின்னோட்டத்தைத் தணித்ததும் இதுதான். தெர்மோஸ்டாட் கிடையாது, நகரும் பாகம் எதுவும் கிடையாது. சூடு கூடினால் மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குறைந்தால் தானே கூட்டிக்கொள்ளும்.

பொருளின் பெயர் பேரியம் டைட்டனேட். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா, சோவியத் யூனியன், ஜப்பான் மூன்றிலும் தனித்தனியாகக் கண்டறியப்பட்டது. சுத்தமாக இருந்தால் மின்சாரத்தை அண்டவே விடாது. கெபாசிட்டர் செய்ய உகந்தது. அதைக் குறைகடத்தியாக்க, ஆயிரம் பேரியம் அணுக்களில் இரண்டு மூன்றை எடுத்துவிட்டு லாந்தனத்தை உட்கார வைத்தால் போதும். பேரியம் தருவதைவிட லாந்தனம் ஒரு எலெக்ட்ரானை அதிகமாகத் தரும். அந்த உபரிதான் மின்சாரத்தைச் சுமக்கிறது. வெளிறியிருந்த பீங்கான் கருநீலம் கலந்த சாம்பலாக மாறும். ‘இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் நன்றாகக் கடத்துமே’ என்று கைநீட்டினால் கெட்டது. ஏறக்குறைய அரை சதவீதத்தைத் தாண்டினால் பீங்கான் மறுபடி வெளுத்து, மின்சாரத்தைத் தடுக்கத் தொடங்கிவிடும். சமையலில் உப்புக்கு உள்ள கட்டுப்பாடுகூட இவ்வளவு கறார் இல்லை.

1950-களில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஹாய்மன் குழுவினர் இப்படிக் கலப்படம் செய்த பேரியம் டைட்டனேட்டைச் சூடாக்கியபோது விசித்திரம் ஒன்றைக் கண்டார்கள். குறைகடத்திகள் பொதுவாகச் சூடேறினால் நன்றாகக் கடத்தும். இதுவோ சுமார் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் முரண்டு பிடித்தது. சில பத்து டிகிரிக்குள் மின்தடை ஆயிரம் மடங்கு, கலவை சரியாக அமைந்தால் லட்சம் மடங்குக்கு மேலும் எகிறியது.

இதில் என்னை வியக்க வைப்பது வேறொன்று. இதே பொருளைப் பழுதில்லாத ஒற்றைப் படிகமாக வளர்த்தால் இந்த வித்தை நடப்பதில்லை. பொடியை அழுத்திச் சுட்ட பீங்கானில், படிகத் துகளும் துகளும் முட்டிக்கொள்ளும் ஓரங்களில்தான் எல்லாம் நடக்கிறது. 1961-இல் ஹைவாங் என்ற ஆய்வாளர் இதற்கு விளக்கம் சொன்னார். ஓரங்களில் எலெக்ட்ரான்கள் சிக்கிக்கொண்டு ஒரு மின் வேலி எழுகிறது. 120 டிகிரிக்குக் கீழே பொருளின் மின்காப்பு மாறிலி, அதாவது மின்புலத்தைத் தணிக்கும் திறன், பல ஆயிரமாக இருப்பதால் வேலி அமுங்கிக் கிடக்கிறது. கியூரி வெப்பநிலை எனப்படும் அந்த எல்லையைக் கடந்ததும் மாறிலி சரிய, வேலி உயர்கிறது. 1964-இல் யோங்கர் என்ற ஆய்வாளர், குளிர்ந்த நிலையில் படிகங்கள் தாமாகவே நேர், எதிர் என மின்முனை பிரிந்து நிற்கும் தன்முனைவாக்கமும் வேலியின் பல இடங்களை நிரவிவிடுகிறது என்று சேர்த்தார்.

ஆக, தொழிற்சாலையின் வேலை அந்த ஓரங்களைப் பக்குவமாக்குவதுதான். பேரியம் கார்பனேட்டும், சுவர் பெயின்டில் போடும் அதே வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடும் தண்ணீரோடு உருளை ஆலையில் அரைபடும். உள்ளே உருளும் குண்டுகள் இரும்பாக இருக்கக் கூடாது; தேய்ந்து கலக்கும் இரும்பு, லாந்தனம் கொடுத்த எலெக்ட்ரான்களை விழுங்கிவிடும். அதனால் சிர்கோனியா குண்டுகள். அரைத்ததைச் சுமார் 1100 டிகிரியில் ஒரு முறை வறுத்து, மீண்டும் அரைத்து, பசை சேர்த்து, அச்சில் வில்லையாக அழுத்துவார்கள். தடையின் பாய்ச்சலைக் கூட்ட மாங்கனீஸ் துளியூண்டு சேரும். பிறகு 1300 டிகிரிக்கு மேல் சூளை.

சூளையின் உச்சச் சூட்டைவிட, அது இறங்கும் விதம் முக்கியம். உச்சச் சூட்டில் பீங்கானிலிருந்து ஆக்சிஜன் கொஞ்சம் வெளியேறியிருக்கும். ஆறும்போது காற்றிலிருந்து அது துகள்களின் ஓரம் வழியே திரும்ப நுழைகிறது. ஒவ்வொரு துகளின் தோலோடு நின்றுவிட வேண்டும். அவசரமாக ஆற்றினால், அல்லது நைட்ரஜனில் சுட்டால், வில்லை பிரமாதமாகக் கடத்தும். வேலி மட்டும் எழும்பாது. அளவு மீறி மெதுவாக ஆறவிட்டால் குளிர்ந்த வில்லையிலேயே தடை ஏறிக் கிடக்கும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் ஒரு வழுக்குமரம் உண்டு. வழக்கமான வெள்ளிப் பூச்சைத் தடவி மீட்டர் வைத்தால் தடை தாறுமாறாகக் காட்டும். பீங்கானில் குற்றமில்லை, வெள்ளி தொடும் இடத்திலேயே இன்னொரு வேலி முளைத்திருக்கும். நிக்கல் பூசினாலோ, துத்தநாகம் கலந்த வெள்ளியைத் தடவினாலோ அது மறையும்.

கதவு சாத்தும் சூட்டையும் மாற்றலாம். பேரியத்தில் கொஞ்சத்துக்குப் பதில் ஸ்ட்ரான்ஷியம் போட்டால் எல்லை 120-க்குக் கீழே இறங்கும், ஈயம் போட்டால் மேலே ஏறும். எஞ்சின் சூடு இல்லாத மின்சாரக் கார்களில், குளிர்நாடுகளில், உள்ளே கதகதப்பு தரும் ஹீட்டர்களுக்கு உயர்ந்த எல்லை தேவை. அங்கேதான் சிக்கல். ஈயம் நஞ்சு, சூளையில் ஆவியாகவும் செய்யும். அதற்கு மாற்றாகப் பிஸ்மத்தும் சோடியமும் சேர்ந்த கலவைகளை ஆய்வுக்கூடங்கள் முயல்கின்றன. அவையும் சூளைச் சூட்டில் நிற்காமல் ஆவியாகப் பார்க்கின்றன. கொஞ்சம் ஓடிப்போனாலும் லாந்தனம் போட்ட கணக்கு குலைந்துவிடும்.