நகலுக்கு ஏது வைத்தியம்?

மேலே பார்த்தால் சுவிட்சர்லாந்து. முதுகைத் திறந்தால் சீனா. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் உறவினர் பாசத்தோடு கையில் கட்டிவிடும் 'ரோலெக்ஸ்' பல சமயம் இந்த ரகம்தான். ஓடும்வரை யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நின்றுபோனால்தான் தொல்லை.

திருவனந்தபுரத்தில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் சாலைக் கடைத்தெருவை ஒட்டியது ஆரியசாலை. கொஞ்ச தூரத்தில், பத்மநாபசுவாமி கோயிலருகே, மணிக்கொரு முறை இரண்டு ஆடுகள் தாடிக்காரரின் கன்னத்தில் முட்டும் 'மேத்தன் மணி' என்ற 19ஆம் நூற்றாண்டுக் கடிகாரம். கடிகாரப் பெருமை கொண்ட இந்த ஊரிலும் நகல் வாட்ச்சுக்கு வைத்தியம் எளிதல்ல.

கண்ணில் லென்ஸைப் பொருத்தி மூடியைத் திறக்கும் மெக்கானிக்குக்கு இரண்டு வேலைகள். ஒன்று, கோளாறைக் கண்டுபிடிப்பது. மற்றது, வாட்ச் போலி என்பதைப் பக்குவமாகச் சொல்வது. இரண்டாவதுதான் கஷ்டம்.

பாட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் என்றால் தப்பித்தார். மெஷினையே மாற்றிவிடலாம்; ஜப்பானிய மியோட்டா மெஷின்கள் தனியாகவே விற்பனையாகின்றன. ஆனால் முட்கள் பொருந்த வேண்டும். தேதி ஜன்னலும் இடம் மாறாமல் அமைய வேண்டும்.

தானாகச் சாவி ஏறும் 'ஆட்டோமேட்டிக்' வந்தால்தான் தலைவலி. சுவிஸ் நிறுவனமான ஈட்டாவின் 2824 மெஷினைப் பார்த்துச் சீனாவில் செய்தவை இவற்றில் பலவற்றுக்குள் இருக்கின்றன. மணிக்கு 28,800 'டிக்'. பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு மாட்டும் நேரம் அசலுக்கும் நகலுக்கும் ஒன்றே. கூலி எப்படிக் குறையும்? உதிரிபாகம் கிடைத்தாலும் சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ரிப்பேர் செலவு வாட்ச்சின் விலையையே எட்டிப்பிடித்துவிடும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் போலியைத் தொடமாட்டார்கள். விற்றவரைத் தேடிப் போனால் ரசீது கிடையாது. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டப்படி போலி விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். பிறகு யார் துணிந்து கேரண்டி எழுதித் தருவார்கள்?

அதே மேஜைக்கு வரும் பழைய ஹெச்.எம்.டி.யின் கதை வேறு. ஜப்பானின் சிட்டிசன் உதவியுடன் 1961ல் பெங்களூரில் ஹெச்.எம்.டி.யின் வாட்ச் தொழிற்சாலை வந்தது. 2016ல் ஹெச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. கம்பெனி போனாலும் வைத்தியம் போகவில்லை. ஒரே அச்சில் லட்சக்கணக்கில் செய்தவை என்பதால் ஒன்றின் சக்கரம் இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கிறது.

நகலுக்கு அந்தச் சொந்தபந்தம் கிடையாது. கடைசியில் அது அலமாரிக்குள் முடங்குகிறது. அடுத்த விடுமுறையில் வரும் உறவினர் "வாட்ச் எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் மிச்சமிருக்கும் கவலை.