வயிற்றில் வரி, முதுகில் மண்டை ஓடு... பயப்பட வேண்டிய பூச்சியா?

மழை விட்ட ராத்திரியில், கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலையில் வாசல் விளக்கைப் போட்டால் போதும். காட்டுப் பூச்சிகள் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். அவற்றில் ஒன்றைக் கண்டால் பெரியவர்கள்கூட விளக்குமாற்றைத் தேடுவார்கள். இறக்கை விரித்தால் உள்ளங்கையை மறைக்கும். வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாக வரிகள். முதுகில் மண்டை ஓடு போல ஒரு குறி. பிடித்தால் சுண்டெலி மாதிரி கீச்சிடும்.

கெட்ட சகுனம் என்று அடித்துவிடுவார்கள். பாவம், இது கொட்டாது. உறிஞ்சுகுழல் வழியாகக் காற்றை இழுத்து விடுவதால் வரும் சத்தம்தான் அது. 'அக்கெரான்ஷியா ஸ்டிக்ஸ்' என்பது இதன் அறிவியல் பெயர். 1847-ல் வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயர் வைத்தது. ஸ்டிக்ஸ் என்றால் கிரேக்கக் கதைகளில் வரும் எமலோகத்து ஆறு. பயம் நமக்கு மட்டும் இல்லை!

இதே சாயலில் 'லாக்கெசிஸ்' என்று இன்னொரு பூச்சியும் உண்டு. பின் இறக்கையைப் பார்த்தால் தெரியும். மஞ்சளில் இரண்டு கரும்பட்டைகள் இருந்தால் ஸ்டிக்ஸ். உடல் பெரிதாக, இறக்கையின் அடியிலேயே கறுப்புத் திட்டு இருந்தால் லாக்கெசிஸ்.

விவசாயி கவனிக்க வேண்டியது இதன் புழுவை. எள், கத்தரி, மொச்சை வயல்களில் விரல் தடிமனில், பக்கவாட்டில் சாய்வான கோடுகளோடு, வாலில் வளைந்த கொம்போடு இருக்கும். கொம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் விஷம் இல்லை. ஆனால் சாப்பாட்டு ராமன். நாலைந்து புழு சேர்ந்தால் செடியில் காம்புதான் மிஞ்சும். இலையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். செடிக்கடியில் மிளகு போலப் பெரிய எச்சம் கிடந்தால், நேர் மேலே தேடுங்கள்.

இதற்காக மருந்து அடிக்க ஓடுவதுதான் தப்பு. முட்டையை ஒவ்வொன்றாகத்தான் இடும் என்பதால் புழுக்கள் கூட்டமாக இருக்காது, கையால் பொறுக்கினாலே தீர்ந்துவிடும். எள் பூத்திருக்கும்போது அடிக்கும் மருந்து, மகரந்தம் சேர்க்க வரும் தேனீயைத்தான் முதலில் கொல்லும். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். அறுவடை முடிந்ததும் ஆழ உழுதால் அவை மேலே வரும், மிச்சத்தைக் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.

தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த அந்துப்பூச்சி ராத்திரியில் பெட்டிக்குள் புகுந்து தேன் குடிக்கும். வாசலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குறுக்கிவிட்டால், இதன் பருத்த உடம்பு உள்ளே போகாது.