கடன் கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நிற்கட்டும்

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் கடனைப் பற்றிச் சில கட்டளைகள் இருக்கின்றன. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்க, வாங்கியவனுடைய வீட்டுக்குள் போகக் கூடாது. வாசலில் நிற்க வேண்டும்; வீட்டுக்காரனே அதைக் கொண்டுவந்து கொடுப்பான். ஏழையின் போர்வையை அடகு பிடித்திருந்தால், இரவுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாவரைக்கும் கல்லை அடகு கேட்கவே கூடாது, அந்த வீட்டின் சாப்பாடே அதில்தான் இருக்கிறது.

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் வாடகை பாக்கியோடும் வாரக் கடனோடும் தவித்துக்கொண்டு, ஞாயிறு ஆராதனையில் யாரிடமும் சொல்லாமல் அழுதுவிட்டுப் போகும் குடும்பங்களுக்கு முதல் ஆறுதலாக இந்தப் பகுதியைத்தான் காட்டத் தோன்றுகிறது. கடன்பட்டவனுக்கும் மானம் உண்டு, அவன் வீட்டு வாசலுக்கு மரியாதை உண்டு என்று வேதம் சொல்கிறது. நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கோடு கிழித்திருக்கிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவைப் பாருங்கள். பணம் கட்டச் சொல்லி நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தாலும், உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போல மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. தையல் மெஷினை வைத்துப் பிழைப்பவருக்கு அதுதான் மாவரைக்கும் கல். நீதிமன்றமே தொடக் கூடாத பொருளை, வசூலுக்கு வந்த ஆள் தூக்கிக்கொண்டு போனால் அது குற்றம். உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

வங்கியோ நிதி நிறுவனமோ அனுப்பும் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கண்டிப்பாகச் சொன்னது. மகளிர் குழுக்கள் வழியாக வரும் நுண்கடனுக்கு விதி இன்னும் இறுக்கமானது. வசூல் நேரம் காலை 9 முதல் மாலை 6 வரைதான். பணம் கட்டும் இடத்தை இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறையாவது நீங்கள் வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தரும் கடன் இது. எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நான்கு நிறுவனங்களிடம் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று சுழலும் பெண்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. தாண்டும் என்று தெரிந்தே கடனைத் தள்ளிவிட்ட நிறுவனத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தொலைபேசி எண் 14448.

“பணம் கட்டாவிட்டால் ஜெயில்தான்” என்ற மிரட்டலைக் கேட்டுப் பயப்படாதவர் குறைவு. நேர்மையாக வாழ்ந்தும் வறுமையால் கடனைக் கட்ட முடியாதவரை, அந்த ஒரே காரணத்துக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஆனால் காசோலை வேறு விஷயம். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்து அது வங்கியில் திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. எவ்வளவு நெருக்கடியிலும் வெற்றுக் காசோலை, தொகை எழுதாத புரோநோட்டு, ஏடிஎம் கார்டு மூன்றையும் கை மாற்றாதீர்கள்.

தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன் தொகையை அரசு நிர்ணயித்த வட்டியோடு நீதிமன்றத்திலேயே செலுத்திக் கணக்கை முடிக்கவும் இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. வட்டிக்காரரை நேருக்கு நேர் பார்க்கப் பயப்படுபவருக்கு இது பெரிய கதவு. சட்டம் இருந்தும் 2017 அக்டோபரில், பலமுறை மனு கொடுத்தும் பலன் இல்லாமல், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே உயிரை மாய்த்துக்கொண்டதை மறக்க முடியாது. ஆகவே ஒரு மனுவோடு நின்றுவிடக் கூடாது. தாம்பரம் மாநகரக் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். செங்கல்பட்டு ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கும் நகராவிட்டால் நீதிமன்றம்.

இனி வீடு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி கழித்து அதைத் திருப்பித் தர வேண்டும். வாடகை பாக்கி என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டவிரோதம். இரண்டு மாத வாடகை நின்றுபோனால் வெளியேற்றக் கோரலாம்தான். ஆனால் அதை வாடகை நீதிமன்றம் சொல்ல வேண்டும், பூட்டுப் போட்டுச் சாமானை வெளியே வைக்க உரிமையாளருக்கு அதிகாரமில்லை. நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை முழுவதும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. அந்த ஒரு மாதம்தான் சபையும் உறவுகளும் கை கொடுக்க வேண்டிய நேரம். வாய்மொழி வாடகையில் இருப்பவர்கள் ஜாக்கிரதை: எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதே வெளியேற்றக் காரணமாகிவிடும்.

தென்சென்னைப் புறநகரில் இதைவிட எனக்குக் கவலை தருவது லீஸ். மாத வாடகை இல்லை என்ற நிம்மதிக்காக நகையை விற்று, பி.எஃப். பணத்தை எடுத்து, பல லட்சங்களை மொத்தமாக உரிமையாளர் கையில் கொடுக்கிறார்கள். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும். உரிமையாளர் தவணை கட்டாமல் விட்டால் ஒரு நாள் வங்கியின் நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும். பதிவு செய்யாத லீஸ் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் குடியிருக்கும் உரிமையைக் கோர முடியாது என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலை. பணத்துக்காக உரிமையாளர் பின்னால் அலைய வேண்டியதுதான். எனவே பணம் கொடுக்கும் முன் பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், வங்கியில் ஆவணம் ஒப்படைத்த பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். லீஸைக் கட்டணம் கட்டிப் பதிவு செய்யுங்கள். “நம்ம சபைக்காரர்தானே” என்பதற்காக இதைத் தவிர்க்க வேண்டாம்.

சொந்த வீட்டுக் கடனில் தவணை 90 நாள் தாண்டி, வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பினால் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகும் கையகப்படுத்தினால் 45 நாளில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

விசுவாசி கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பவுல் தனக்குச் சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தி இராயனிடமே மேல்முறையீடு செய்தார். சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைக் கண்டிக்கும் கொரிந்தியர் பகுதி, அதே மூச்சில் சகோதரனை ஏமாற்றுகிறவனையும் கண்டிக்கிறது. முதல் பாதியை மட்டும் காட்டி ஏமாந்தவரின் வாயை அடைப்பது அநியாயம். சபைக்குள் நடக்கும் பதிவில்லாத சீட்டுக்கும் இது பொருந்தும். மாதம் 25, 30 சதவீத வட்டி ஆசை காட்டிய ஆருத்ரா நிறுவனம் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது. அவ்வளவு பேரையும் கொண்டுவந்து சேர்த்தது தெரிந்தவர் சொன்னார் என்ற நம்பிக்கைதான்.

இன்னும் கொடியது ஒன்று உண்டு. தசமபாகம் கொடுக்காததால்தான் இந்தக் கஷ்டம் என்று கடனில் இருப்பவரிடம் சொல்வது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுதான். கடவுள் அவர்களைக் கடிந்துகொண்டார். அட்வான்ஸ் பணத்தை எடுத்துப் பொருத்தனைக் காணிக்கை போடச் சொல்லும் எந்தக் குரலுக்கும் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. இருப்பதற்கு ஏற்ப மனதாரக் கொடுப்பதே ஏற்கப்படும், இல்லாததிலிருந்து அல்ல என்று பவுல் தெளிவாகவே எழுதியிருக்கிறார். எலிசாவிடம் கடனோடு வந்த விதவையை நினைத்துப் பாருங்கள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கக் கடன் கொடுத்தவன் வந்திருந்தான். தீர்க்கதரிசி அவளிடம் காணிக்கை கேட்கவில்லை, வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எண்ணெயை விற்றுக் கடனை அடைக்கச் சொன்னார். மீந்ததில் அவளும் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அண்டை வீட்டுப் பாத்திரங்கள் இல்லாமல் அந்த அற்புதம் நடக்கவில்லை.

பாத்திரம் கொடுக்க வேண்டிய அந்த அண்டை வீடு இன்று சபைதான். 1833-இல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையார் இன்றும் நம் கத்தோலிக்கப் பங்குகளில் வீடு தேடிப் போய் ஏழைக் குடும்பங்களைச் சந்திக்கிறார்கள். மற்ற சபைகளும் இதைச் செய்யலாம். பெயரை மேடையில் சொல்லாமல் ஒரு மாத வாடகையை நேராக வீட்டுக்காரரிடம் கட்டலாம். வசூலுக்கு ஆள் வரும் நேரத்தில் இரண்டு பேர் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். காவல் நிலையத்துக்குப் போதகரே கூடப் போனால் வரவேற்பே மாறும். ஜாமீன் கையெழுத்து மட்டும் யாரும் போட வேண்டாம், ஒரு குடும்பத்தின் கடன் இரண்டு குடும்பத்தின் கடனாகிவிடும்.

தூக்கமில்லாத இரவில் உயிரை விடத் தோன்றினால் விடியும்வரை காத்திருக்காமல் 14416-க்கு அழையுங்கள், எந்த நேரமும் தமிழில் பேசலாம். சென்னையின் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. கடன் செயலிக்காரர்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் 1930. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் 15100-ஐ அழைக்கலாம், அல்லது தாம்பரம் நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. போகும்போது கடன் அட்டை, வாடகை ரசீது, வந்த நோட்டீஸ், மிரட்டல் வந்த போன் பதிவு எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாமல் ஜெபக்குழுவிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.