எடை எந்திரம் சொல்லாத கொழுப்பு

நீரிழிவு நோயில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, சிறுநீரகங்களால் முழுவதையும் மீட்க இயலாமல் மிகுதி சிறுநீரில் கழிவதால், உண்ட உணவின் ஆற்றலில் ஒரு பங்கு உடலில் சேராமலே போகிறது. இன்சுலின் ஊசி இந்தக் கசிவை நிறுத்துவதோடு, கொழுப்பைச் சேமிக்கத் தூண்டி அது கரைவதையும் தடுப்பதால், எடை கூடுகிறது. பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான பெரும் ஆய்வில், இன்சுலின் பெற்றோர் உணவுக் கட்டுப்பாட்டையே முதன்மையாக நம்பியிருந்தோரைவிடப் பத்தாண்டுகளில் சுமார் 4 கிலோ கூடுதலாக எடை ஏறினர். ஆகவே, வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று நோயாளியைக் கடிந்துகொள்வது பல நேரங்களில் நியாயமன்று.

ஆனால் ஏறிய எடை எங்கே தங்குகிறது என்பதே பெரிய கேள்வி என்பதைப் பயோகிளிட்டசோன் என்னும் நீரிழிவு மாத்திரை தெளிவாகக் காட்டுகிறது. இது கொழுப்புச் செல்களின் உட்கருவிலுள்ள ஓர் ஏற்பியை, அதாவது மரபணுக்களை இயக்கும் ஒரு புரதத்தைத் தூண்டித் தோலுக்கடியில் புதிய கொழுப்புச் செல்களை உருவாக்குவதால், இரத்தத்தில் அலையும் கொழுப்பு அமிலங்கள் அங்கே போய்ச் சேர, கல்லீரலில் தேங்கிய கொழுப்பு குறைகிறது. எடை சில கிலோ கூடிய அதே உடலில் இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது. கூடிய எடையில் ஒரு பகுதி நீராகவும் இருப்பதால், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இம்மருந்து ஆகாது.

எடைக்கும் கொழுப்புக்கும் இடையிலான இந்த வேறுபாடு இந்தியர்களுக்கு மிகவும் முக்கியம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்களையே சான்றாக்கினர்: உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் குறியீடு இருவருக்கும் 22.3 ஆக இருந்தும், யூட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கோ 21.2 சதவீதம்.

மற்ற நீரிழிவு மருந்துகளுள் மெட்ஃபார்மினால் எடை பொதுவாகக் கூடுவதில்லை. டாபாகிளிஃப்ளோசின் போன்றவை, முன்பு நோயின் அறிகுறியாக இருந்த சிறுநீர்ச் சர்க்கரைக் கசிவையே சிகிச்சையாக்கி எடையை 2 முதல் 3 கிலோ வரை குறைக்கின்றன. அதற்குமேல் இறங்காததற்கு, இழப்பை உணர்ந்த உடல் பசியைக் கூட்டிவிடுவது ஒரு காரணம். குடல் இயக்குநீரைப் போலச் செயல்பட்டுப் பசியடக்கும் செமாகுளூடைடு, நீரிழிவு இல்லாத பருமனானவர்களிடம் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. குறையும் எடையில் தசையும் அடங்குவதால், இயல்பாகவே தசை குறைந்த உடலமைப்பினர் இம்மருந்தோடு புரத உணவையும் தசைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்வது அவசியமாகிறது.