உங்களுக்குத் தெரியுமா? சட்டைப் பையில் ஒரு கணக்குப்பிள்ளை

அணுமின் நிலைய ஊழியர்கள் மார்பில் குத்தியிருக்கும் பேட்ஜ், கதிர்வீச்சைத் துளிகூடத் தடுக்காது. பட்டது எவ்வளவு என்று கணக்கு மட்டும் எழுதும். எக்ஸ்ரே அறை ஊழியரின் பேட்ஜும் அப்படித்தான்.

✦

முதலில் இந்தக் கணக்கை எழுதியது ஃபிலிம். கழுவிப் பார்த்து, எவ்வளவு கறுத்திருக்கிறதோ அதைக்கொண்டு டோஸ் கணிப்பார்கள். ஆனால் வெக்கையும் ஈரமும் ஃபிலிமுக்கு ஆகாது; நம் ஊர்க் காற்றில் இரண்டுமே தாராளம். 1975 முதல் இந்தியா டி.எல்.டி. பேட்ஜுக்கு மாறியது.

✦

டி.எல்.டி. பேட்ஜைத் திறந்தால் மூன்று சிறு வில்லைகள் இருக்கும். டிஸ்புரோசியம் துளி சேர்த்த கால்சியம் சல்ஃபேட்டை டெஃப்ளானோடு கலந்து செய்தவை. உபயம்: பாபா அணு ஆராய்ச்சி மையம். வில்லையைச் சூடாக்கினால், வாங்கிவைத்த கதிர்வீச்சுக்கு ஏற்ப ஒளிரும். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் ஊழியர்கள் அணிவது டி.எல்.டி.தான். ஒரே குறை, கற்பூரம் மாதிரி ஒருமுறை எரிந்தால் முடிந்தது. சூட்டிலேயே பதிவும் அழிந்துவிடுவதால், சந்தேகம் வந்தால் அதே வில்லையை மறுபடி படிக்க முடியாது.

✦

அந்தக் குறையைத் தீர்த்தது மாணிக்கக் கல்லின் உறவுக்காரர்! மாணிக்கமும் நீலமும் அடிப்படையில் அலுமினியம் ஆக்சைடு. அதில் கார்பன் கலந்து 1990 வாக்கில் சோவியத் விஞ்ஞானிகள் ஒரு டி.எல்.டி. படிகம் செய்தார்கள். அபார நுட்பம், ஆனால் வெளிச்சம் பட்டால் பதிவு கலைந்துவிடும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்தக் குறையையே வழியாக்கினார்கள். சூட்டுக்குப் பதில் பச்சை ஒளியை அளவாகப் பாய்ச்சினால் படிகம் நீல ஒளி தருகிறது. கொஞ்சம்தான் செலவாகும், மிச்சம் உள்ளேயே இருக்கும். மறுநாளும் படிக்கலாம், மேல்முறையீடு செய்யலாம். ஓ.எஸ்.எல். என்ற இந்த பேட்ஜுக்கு அமெரிக்காவில் பல அணுமின் நிலையங்கள் மாறிவிட்டன. என்னைக் கேட்டால், தொழிலாளிக்குக் கிடைத்த பெரிய நியாயம் இந்த இரண்டாவது வாசிப்புதான்.

✦

ஜப்பானில் பலருக்குப் பதிவு வைப்பது கண்ணாடி. வெள்ளி சேர்த்த பாஸ்பேட் கண்ணாடியில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். எத்தனை முறை படித்தாலும் அழியாது.

✦

நியூட்ரானை அளக்க உதவும் சி.ஆர்.-39, மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் அதே பிளாஸ்டிக்!

✦

இவையெல்லாம் பிறகு படிக்கும் கணக்கு. அங்கேயே எண்ணைக் காட்டி, அளவு மீறினால் அலறுவது மின்னணு டோசிமீட்டர். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் இவை சுமார் 5,000 இருந்தன. சுனாமிக்குப் பிறகு தேறியவை 320. உலைகள் உருகிக்கொண்டிருந்த நாட்களில் குழுவுக்கு ஒன்று என்று எடுத்துப் போனார்கள். அருகில் நின்றவர் வாங்கிய டோஸ் தனி; அதை எழுத ஆளில்லை.

✦

அதே ஆண்டு டிசம்பரில் அங்கே இன்னொன்றும் நடந்தது. ஒரு துணை ஒப்பந்ததாரர், டோசிமீட்டரை ஈயத் தகட்டால் மூடிக்கொண்டு வேலை செய்யும்படி தொழிலாளர்களிடம் சொன்னார். ஜப்பானில் ஐந்தாண்டுக்கு 100 மில்லிசீவர்ட் டோஸ், ஓராண்டில் 50 என்பது சட்ட வரம்பு. அதைத் தொட்டால் அந்த வேலை போய்விடும். தகடு மறைத்தது கருவியை. உடலை மறைக்க ஒன்றும் கொடுக்கவில்லை.